மேம்பாலத்தில் நிற்கும் வண்டி

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று நடிக்க வேண்டாம். பார்த்தாலே தெரியும். தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரர் என் வீட்டு வாசலில் மட்டும் குரலை இறக்கிக்கொண்டுதான் 'தக்காளி' என்பார். ஆனால் பொய் சொல்ல மாட்டேன் என்று ஒரு பெருமை வைத்திருந்தேன். அந்தப் பெருமையைக் கயிறு கட்டித் தெரு நடுவே இறக்கிய கதை இது.

என் மனைவி ரோஸ்லின் கணக்கு டீச்சர். அவளுக்கு ஒரே தம்பி ஜெயசீலன். எங்களுக்குச் சீலன். அவர்களுடைய அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இறந்தபோது சீலனுக்குப் பதினெட்டு வயது. ஒரு துணிப்பையோடும் ஒரு கிரிக்கெட் மட்டையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. (தகவலுக்காகச் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.) படி என்று கத்தினேன், சாப்பிடு என்று கத்தினேன், காய்ச்சல் வந்தபோது ஏன்டா மழையில் நனைந்தாய் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும்வரை கத்தினேன். எனக்குத் தெரிந்த வளர்ப்பு அவ்வளவுதான்.

வேலைக்குப் போன இரண்டாம் வருடம் அவன் ஒரு பைக் வாங்கினான். நல்ல சிவப்பு. முன்னும் பக்கமும் பிளாஸ்டிக் மூடி போட்டு, டேங்கின் மேல் குனிந்து படுத்து ஓட்ட வேண்டிய ரேஸ் வண்டி ஜாதி. இதில் முருங்கைக்காயை எங்கே வைத்துக்கொண்டு வருவாய் என்று கேட்டேன். அவனோ தினமும் காலையில் அதைத் துடைத்த பிறகுதான் தன் முகத்தைக் கழுவுவான்.

மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, சாவியை அக்காவிடம் கொடுக்கவில்லை. என் கையில் வைத்தான்.

"வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி விட்ருங்க அத்தான். வேற ஒண்ணும் வேணாம்."

அவன் போன அதே வருடம் டிசம்பரில் வெள்ளம் வந்தது. எந்த வெள்ளம் என்று முடிச்சூர்க்காரனிடம் யாரும் கேட்பதில்லை. அன்று காலையிலேயே சீலன் போன் செய்தான். ஏரி நிரம்பியதை டிவியில் பார்த்தானாம். வண்டியை மட்டும் எப்படியாவது தாம்பரம் மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக விட்டுவிடச் சொன்னான்.

"பதினஞ்சு வருஷமா இங்க இருக்கேன்டா. இந்தத் தெருவுக்குத் தண்ணி வந்ததே இல்ல. மஸ்கட்ல உக்காந்துகிட்டு எனக்கு முடிச்சூர் சொல்லிக் குடுக்காத. வை போன."

மதியம் தண்ணீர் வாசற்படியில் நின்றது. சாயங்காலத்துக்குள் ரோஸ்லினும் நானும் மொட்டை மாடியில் நின்றோம். சர்டிபிகேட், அரிசி டிரம், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டோம். கீழே பைக்கின் டேங்கைச் சுற்றி யாருடைய செருப்புகளோ மிதந்தன. கொஞ்ச நேரம் கைப்பிடி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

நான்காம் நாள் போன் உயிர் பெற்றதும் சீலன்தான் முதலில் கூப்பிட்டான். அக்காவைக் கேட்டான். என்னைக் கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி, வண்டி என்னாச்சு அத்தான் என்றான். வெள்ளத்தன்று காலையில் நான் கத்திய கத்தல் எனக்கே காதில் கேட்டது.

"மேம்பாலத்துல இருக்கு" என்றேன்.

இவ்வளவுதான் பொய். இரண்டே சொற்கள். இதைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டுக்கு, அன்றே நீந்திப் போய் வண்டியைத் தூக்கி வந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் போன் வரும். வண்டி எப்படி இருக்கு அத்தான் என்பான். நல்லா இருக்குடா, இன்னிக்குக்கூட ஸ்டார்ட் பண்ணேன் என்பேன். உள்ளே சேறு இறுகிப்போன அந்த வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒருநாள், சத்தம் கேட்க ஆசையாக இருக்கிறது என்றான். நான் போனை எடுத்துக்கொண்டு போய் போர்வெல் மோட்டாரைப் போட்டு அதன் பக்கத்தில் பிடித்தேன். (சிரிக்க வேண்டாம். பதற்றத்தில் வேறென்ன தோன்றும்?)

"சத்தம் கொஞ்சம் மாறியிருக்கே அத்தான்."

"பெட்ரோல் சரியில்லடா. இப்பல்லாம் கலப்படம்."

இடையில் இரண்டு முறை லீவில் வந்தான். முதல் முறை வண்டி சர்வீசில் இருப்பதாகச் சொன்னேன். இரண்டாம் முறை ஆர்.சி. புதுப்பிக்க விட்டிருப்பதாகச் சொன்னேன். ஆர்.சி. புதுப்பிக்க ஒரு மாதமா என்று அவன் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து அந்தத் தார்ப்பாயின் மேலேயே துண்டைக் காயப்போட்டான். அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். யார் அப்பாவி என்பது பிறகு தெரிந்தது.

பத்து வருடம் இப்படியே போயிற்று. போன வருடம் ஆகஸ்டில் அவனுக்குப் பெண் பேசி முடித்தோம். அனகாபுத்தூர்ப் பெண். ஜனவரியில் கல்யாணம். நவம்பர் கடைசியிலேயே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னான். கல்யாணமான மறுநாள் உன்னை என் முதல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன் என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்திருக்கிறானாம்.

"வண்டி ரெடியாத்தான இருக்கு அத்தான்?"

"ரெடியா இருக்குடா" என்றேன். என் பொய் இனிமேல் என்னுடையது மட்டும் அல்ல. அவன் வாக்கும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெள்ளம் வடிந்த புதிதில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க சார் என்றார். அவரைத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு போய்த் திட்டினேன். அதன் பிறகு தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை எந்த மெக்கானிக் கடையில் நான் போய் நின்றாலும், கையில் வேலை இல்லாதவர்கூட ரொம்ப வேலையாக இருப்பார். ஆகவே வீட்டிலேயே, நானே. இதற்குமுன் நான் பழுது பார்த்த ஒரே இயந்திரம் மிக்சி. அது இன்றும் ஓடவில்லை.

செப்டம்பரில் தார்ப்பாயை விலக்கினேன். எஞ்சின் ஆயிலைத் திறந்தால் பால் ஊற்றிய காபி நிறத்தில் ஏதோ வந்தது. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டு அசையவில்லை. வீடியோ பார்த்து, பிளக் ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, கியரில் போட்டு, தினமும் ஆபீஸ் போகுமுன் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினேன். பதினொன்றாம் நாள் 'களுக்' என்று ஒரு சத்தம். அசைந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோஸ்லின் ஓடிவந்து மார்வலியா என்று கேட்டாள். இல்லை என்று கத்தினேன்.

பெட்ரோல் டேங்குக்குள் துரு. பித்தளைப் பாத்திரமே புளியில் பளபளக்கிறது, டேங்க் எம்மாத்திரம் என்று என் சொந்த மூளையில் ஒரு யோசனை உதித்தது. ரோஸ்லின் வருடத்துக்குமாக வாங்கி ஜாடியில் அடைத்திருந்த புளி முழுவதையும் கரைத்து, ஜல்லி போட்டுக் குலுக்கினேன். துரு நன்றாகவே போயிற்று. வீட்டில் மூன்று வாரம் எலுமிச்சை ரசம்.

சரிசெய்வதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். எனக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டைக்கு அலைந்து பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வாங்கினேன். அகல டயர் போட்டேன். தெருவையே எழுப்பும் எல்.இ.டி. விளக்கு பொருத்தினேன். கடைசியாக, இந்த ஜாதி வண்டிக்கு யாருமே போடாத ஒன்றை, அஸ்தினாபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிப் போட்டேன். இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும் இரும்பு லெக்கார்டு. வண்டி சாய்ந்தாலும் அவன் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. (அழகு கெட்டுவிட்டதே என்றாள் ரோஸ்லின். கால் இருந்தால்தான் அழகு என்றேன்.)

இப்போது என் மடத்தனத்தின் உச்சத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. அக்டோபர் பிறந்தால் வீட்டில் எது உசத்தியோ அதை மாடிக்கு ஏற்றிவிடுவோம். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகத் தூக்கும். வெள்ளத்துக்குப் பிறகு நாங்களும் மேலே ஒரு ஹாலும் முன்னால் ஒரு பால்கனியும் கட்டிக்கொண்டோம். சமையலறை மட்டும் கீழேயே இருக்கிறது. ரேடியோவில் கனமழை எச்சரிக்கை என்றதும், கீழே பிரித்துப் போட்டிருந்த பைக்கை ஒவ்வொரு துண்டாக மாடி ஹாலுக்குத் தூக்கிப் போனேன். இன்னொரு தடவை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட மாட்டேன் என்று சபதம். எஞ்சின் ஒருநாள், சட்டகம் ஒருநாள், சக்கரங்கள் ஒருநாள். ஹாலிலேயே உட்கார்ந்து முழுசாகப் பூட்டி முடித்தேன்.

எப்படி ஏற்றினேன் என்பது தெரியும். எப்படி இறக்குவேன் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கணக்கு டீச்சரும் யோசிக்கவில்லை. முடிச்சூரில் பத்து வருடமாக நாங்கள் எல்லோரும் மேலே ஏற்றுவதைப் பற்றி மட்டுமே யோசித்துப் பழகிவிட்டோம்.

சீலன் வருவதற்கு முந்தின நாள் மாலை ஹாலில் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஒரு நிமிடம் ஓடியது. ஜன்னல்கள் அதிர்ந்தன, திரைச்சீலை கறுத்தது, ரோஸ்லின் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியை இறக்கக் கிளம்பினோம். எங்கள் மாடிப்படி வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஏறும். குறுகல். பாதியில் ஒரு திருப்பம். ரோஸ்லின் மேலிருந்து வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ள, நான் கீழ்ப்படியில் நின்று முன்சக்கரத்தை இறக்கினேன். திருப்பத்தில் லெக்கார்டின் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைந்தது. மறுபக்கம் சுவரில் குத்தி நின்றது. கழற்றலாம் என்றால் அதன் போல்ட் சுவர்ப்பக்கம், ஸ்பானர் நுழைய இடமில்லை. முன்னால் தள்ளினேன், வரவில்லை. பின்னால் தள்ளினேன், போகவில்லை.

வீடு மூடி போட்டாற்போல் ஆகிவிட்டது. நான் கீழே. அவள் மேலே. நடுவில் நூற்றைம்பது கிலோ. விமானம் ஒன்பது மணிக்கு. ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் வீடு அரை மணி நேரம்.

"ஏங்க, அடுப்புல மீன் குழம்பு" என்றாள் ரோஸ்லின் மேலிருந்து.

ஓடிப்போய்க் குழம்பைக் கிளறினேன். திரும்ப ஓடிவந்து வண்டியை இழுத்தேன். உப்பு பார்த்தீர்களா என்றாள். நான் பார்த்த உப்பெல்லாம் என் நெற்றியிலிருந்து வழிந்ததுதான். பத்து நிமிடத்தில் தீய்ந்த வாசனை வந்தது. அப்போதுதான் அவள் அமைதியாக, பஷீர் பாயைக் கூப்பிடுங்க என்றாள்.

எதிர்வீட்டு பஷீர் பாய் பழைய பர்னிச்சர் வியாபாரி. பீரோவையும் கட்டிலையும் மாடி மாடியாகக் கயிறு கட்டி ஏற்றி இறக்குவதுதான் அவர் தொழில். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஒரே ஒரு சிக்கல். ஒன்றரை வருடம் முன்பு அவருடைய லோடு வண்டி என் கேட்டை மறித்து நின்றது என்று, அதன் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவர் மறுநாளிலிருந்து என் கேட்டுக்கு மூன்றடி தள்ளியே நிறுத்தினார். அந்த மூன்றடி தினமும் என்னைத் திட்டியது.

போய் அவர் வாசலில் நின்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னிக்கு நான் பண்ணது தப்பு" என்றேன். வாழ்க்கையில் நான் அதிகம் பழகாத வாக்கியம். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கூடவே வந்து படிக்கட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"இது எப்டி சார் மேல போச்சு?"

"பார்ட் பார்ட்டா."

"அப்டியே எறக்கக் கூடாதா?"

"டைம் இல்ல பாய். மச்சான் வந்துகிட்டிருக்கான்."

"இரு சார், ஆள இட்டுனு வரேன்" என்று திரும்பியவர், போகிற போக்கில், "வண்டில காத்து கீதான்னு பாத்துக்கினு வரேன்" என்றார். அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஏணி போட்டுப் பால்கனிக்கு ஏறி, மேலிருந்து கயிற்றால் வண்டியை இழுத்தார்கள். கைப்பிடிக் கம்பி வளைந்து லெக்கார்டை விட்டது. வண்டி மறுபடி ஹாலுக்குப் போயிற்று. லெக்கார்டைக் கழற்றினாலும் படித் திருப்பத்தில் வண்டி திரும்பாது என்று சொல்லிவிட்டு, பஷீர் பாய் அதற்கு வயிற்றில் இரண்டு சுற்று, கழுத்தில் ஒரு சுற்றுக் கட்டி, பால்கனிச் சுவர்மேல் எங்கள் இரண்டு மெத்தைகளையும் போட்டு, அதன் வழியாக வெளியே நகர்த்தினார். ஆளுக்கொரு கயிறு. எனக்கும் ஒன்று. பால்கனியில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம்.

தெருவே கூடிவிட்டது. பெண்கள், பள்ளிக்கூட வேன், காய்கறிக்காரர். சிவப்பு வண்டி அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தெருமுனையில் ஒரு டாக்சி திரும்பியது.

சீலன் இறங்கினான். கையில் பெட்டி. கூட்டத்தைப் பார்த்தான், பிறகு அண்ணாந்து பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்தபடி, சர்வீஸ் விட்டிருந்தேன்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

"என்ன அத்தான், மேம்பாலத்துலருந்து இப்பதான் எறக்குறீங்களா?"

என் கை தளர்ந்தது.

"சார், கயிற வுடாத" என்றார் பஷீர் பாய்.

வண்டி பத்திரமாகத் தரையில் இறங்கியது. நானும் இறங்கி வந்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் மீன் குழம்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போனாள். வெள்ளம் வடிந்த வாரமே அவனிடம் சொல்லிவிட்டாளாம். அத்தானிடம் காட்டிக்கொள்ளாதே, மனுஷன் உடைந்துபோவார் என்றும் சொன்னாளாம். பத்து வருடம் நான் இவனை ஏமாற்றவில்லை. இரண்டு பேருமாக என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"போர்வெல் மோட்டாரு?" என்றேன்.

"அது நம்ம மோட்டாரு அத்தான். எத்தன வருஷம் அந்தச் சத்தத்துல குளிச்சிருக்கேன். வந்து நானே ரிப்பேர் பண்ணிக்கலாம்னுதான் அந்த வாக்கையே குடுத்தேன்."

"அப்புறம் ஏன்டா வாராவாரம் கேட்ட? என்னைக் கிண்டல் பண்ணவா?"

அவன் வண்டியின் டேங்கைத் தடவினான்.

"அங்க ரூம்ல ஆறு பேரு. ஞாயித்துக்கிழம எல்லாரும் வீட்டுக்குப் போன் பண்ணுவாங்க. நமக்கு எடுத்த உடனே திட்டுதான். வண்டியப் பத்திக் கேட்டா மட்டும் நீங்க மெதுவா பேசுவீங்க அத்தான். நல்லா இருக்குடான்னு. அதக் கேக்கத்தான்."

குழம்பு தீய்ந்தது என்று யாரையோ பார்த்துக் கத்தினேன். கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லிக் கத்தினேன். பஷீர் பாய் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, முகத்தக் கழுவு சார் என்றார்.

முதலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்றான் சீலன். ஸ்டார்ட்டரை அமுக்கினான், வண்டி பிடித்துக்கொண்டது. நான் பின்னால் ஏறினேன். அந்த ஜாதி வண்டியில் பின்சீட்டு என்பது ஒரு குட்டிச்சுவர். அவன் முதுகில் கோணிப்பை போலச் சாய்ந்துகொண்டேன். முடிச்சூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவாக்கினான். பின்பிரேக் நல்லா பிடிக்குது அத்தான் என்றான். லெக்கார்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வளர்ந்துவிட்டான்.

தாம்பரம் மேம்பாலத்தில் ஏறினோம். சரியாக உச்சியில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. ஓரமாகத் தள்ளி, பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தான். குழாயின் வாயில் ஏதோ நார் அடைத்திருந்தது. எடுத்து முகர்ந்தான்.

"புளி வாசன வருது அத்தான்."

சொன்னேன். ஜாடி, ஜல்லி, மூன்று வாரம் எலுமிச்சை ரசம், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மேம்பாலச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. பக்கத்தில் போன ஆட்டோக்காரர் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது ரோஸ்லின் போன் செய்தாள். எங்கே இருக்கிறீர்கள், தோசை ஆறுகிறது என்றாள்.

"மேம்பாலத்துல இருக்கோம்."

"பொய் சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மேம்பாலம் என்றால் ஒரே அர்த்தம்தான். சுகர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டு, நான் போட்டேன் என்றால், "மேம்பாலத்துல இருக்கா?" என்பாள் ரோஸ்லின். புதிதாக வந்த சீலன் மனைவிக்கு இதை முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். (வாக்குப்படி மறுநாள் அவளை அந்த வண்டியில்தான் கூட்டிப்போனான். புடவை மாட்டாமல் இருக்க லெக்கார்டு உதவியதாக அவள் சொன்னாள். நல்ல பெண்.) பஷீர் பாய்கூட, கேட்டுக்கு எதிரே லோடு வண்டியை நிறுத்திவிட்டு, மேம்பாலத்துல வுட்டுக்கீறேன் சார் என்கிறார். நான் காற்றைப் பிடுங்குவதில்லை.

சீலன் மறுபடி மஸ்கட்டில். இந்த முறை அவளும் கூட. வண்டி கீழே வாசலில் நிற்கிறது. அக்டோபரில் மட்டும் நிஜமாகவே மேம்பாலத்துக்குப் போகும். ஞாயிறுதோறும் அவன் கேட்கிறான், நான் உண்மையைச் சொல்கிறேன். கார்புரேட்டர் ஒழுகுகிறது, கிளட்ச் கேபிள் போய்விட்டது, என்ன வண்டிடா வாங்கினாய் என்று தெரு கேட்கக் கத்துகிறேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறான். பிறகு, அதெல்லாம் சரி அத்தான், வண்டி எப்படி இருக்கு என்று இன்னொரு முறை கேட்கிறான்.

நான் எழுந்து போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.

"நல்லா இருக்குடா" என்கிறேன். "மேம்பாலத்துல இருக்கு."